தெற்கு மாசி வீதியில் ஒரு ஹேண்ட் பிரேக்

காலை 6.10. போடியில் எங்கள் வீட்டு வாசலை விட்டுக் கார் இறங்கியபோது மீட்டர் 3,412 கிலோமீட்டர் காட்டியது. அதில் பெரும்பகுதி மகன் ஓட்டியது. நான் ஓட்டியதெல்லாம் தேனி வரை போய்த் திரும்பியதுதான். மதுரைக்கு நான் போன தடவைகளுக்குக் கணக்கில்லை, ஆனால் எல்லாமே பஸ்ஸில். எழுபத்திரண்டு வயதில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்த ஊருக்குள் நுழைவது இதுவே முதல் முறை.

மூத்த பேத்தியின் கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரங்கள் வாங்க வேண்டியிருந்தது. ஒரு ஜோடி குத்துவிளக்கு, பித்தளைக் குடம், பெரிய அண்டா. பஸ்ஸில் தூக்கிவரக்கூடியவை அல்ல. பெங்களூரிலிருந்து மகன், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் டிரைவர் வைத்துக்கொள்ளச் சொன்னான். நானே ஓட்டுவேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலிருந்தே பயம் தொடங்கியது. ஆனால் மாற்றிச் சொல்லக் கூச்சம். நான் முப்பத்தொரு வருடம் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன். விசை, உராய்வு, உந்தம் எல்லாம் கரும்பலகையில் எனக்கு அடங்கி நடந்தவை. சாலையில் அவை வேறு மாதிரி இருந்தன.

என் மனைவி வசந்தா முன் இருக்கையில் உட்கார்ந்து, பட்டியல் எழுதிய தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். தேனி தாண்டினோம். பிறகு, "ஏங்க, ஸ்டீயரிங்க இம்புட்டு இறுக்கிப் பிடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

7.05. ஆண்டிபட்டிக் கணவாய். இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்து, சாலை வளைந்து இறங்குகிறது. பின்னால் வந்த லாரி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. நான் ஒதுங்கி வழிவிட்டேன். அதன் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வழிவிட்டேன். கணவாய் இறங்கி முடித்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

7.35. உசிலம்பட்டி. சாலையோரம் நிறுத்தி டீ குடித்தோம். டீ பன்னிரண்டு ரூபாய், வடை எட்டு. இங்கிருந்து மதுரை முப்பத்தெட்டு கிலோமீட்டர் என்றது மைல்கல். டீக்கடைக்காரர் காரைப் பார்த்துவிட்டு, மதுரைக்குள் எங்கே நிறுத்தப்போகிறேன் என்று விசாரித்தார். விளக்குத்தூண் பக்கம் என்றேன். அவர் சிரித்தார்.

"ஓட்டிப் போயிரலாம் அண்ணே. அதுல ஒண்ணுமில்ல. நிப்பாட்டத்தேன் சாமியக் கும்பிடணும்."

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் செக்கானூரணி வரை அது என் காதிலேயே இருந்தது. வயல்களும் தென்னந்தோப்புகளும் இரண்டு பக்கமும் ஓடின. நான் எதையும் பார்க்கவில்லை. எழுத உட்கார்ந்தபோது, வழியில் என்ன பார்த்தோம் என்று வசந்தாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். செக்கானூரணி தாண்டி ஓரிடத்தில் சாலையிலேயே நெல்லைக் காயப்போட்டிருந்தார்களாம். நான் அதன்மேல் ஏற்றாமல் ஓட்டினேன் என்பதே எனக்குச் செய்தி.

8.50. நாகமலை புதுக்கோட்டை தாண்டியதும் நகரம் தொடங்கிவிட்டது. செல்போனில் வழி சொல்லும் பெண்குரல் முன்னூறு மீட்டரில் இடது என்றது, இருநூறு மீட்டரில் வலது என்றது. காளவாசல் சிக்னலில் பச்சை விழுந்தபோது எனக்கு வண்டி அணைந்துவிட்டது. பின்னால் முப்பது ஹாரன்கள். ஒரு ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து தலையை நீட்டி, பெரிசு, பொறுமையா எடுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பெரியார் பேருந்து நிலையம் அருகில் அந்தக் குரல் என்னை ஒரு சந்துக்குள் திரும்பச் சொன்னது. திரும்பினேன். எதிரே போலீஸ்காரர். ஒருவழிப் பாதை. அபராதம் போடாமல், பின்னால் போகச் சொன்னார். பின்னால் ஒரு டவுன் பஸ் நின்றது. அதன் கண்டக்டர் இறங்கி வந்து, பஸ்ஸைப் பின்வாங்க வைத்து, என்னையும் பின்வாங்க வைத்தார். வசந்தா செல்போனை எடுத்து, அந்தப் பெண்குரலோடு சேர்த்து எல்லாச் சத்தத்தையும் அடைத்துவிட்டாள். அது நல்ல காரியமாகவே அப்போது பட்டது.

மதுரையின் பழைய நகரம் சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது. கோவிலை ஒட்டிச் சித்திரை வீதிகள், அடுத்து ஆவணி மூல வீதிகள், அடுத்து மாசி வீதிகள், வெளியே வெளி வீதிகள். வகுப்பில் ஒருமைய வட்டங்களுக்கு இதைத்தான் உதாரணம் சொல்வேன். சதுரம்தானே சார் என்று யாராவது கேட்பார்கள், அந்த வகுப்பு நன்றாகப் போகும். அன்றைக்கு அந்தச் சதுரங்களின் வெளிச்சுற்றில் இரண்டு முறை சுற்றினேன். எங்கே பார்த்தாலும் வண்டிகள். இடம் தெரிந்த இடத்தில் எல்லாம் "இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்" என்ற பலகை. ஞாயிற்றுக்கிழமை. கல்யாண மாதம் வேறு.

9.40. தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், "கார் பார்க்கிங், மணிக்கு ரூ.30" என்று தகரத்தில் எழுதியிருந்தது. பழைய வீடு ஒன்றை இடித்துச் சமப்படுத்திய காலிமனை. மூன்று பக்கச் சுவர்களிலும் விளக்கு மாடங்கள் இன்னும் இருந்தன, நீலச் சுண்ணாம்போடு. இருபது கார்கள் நெருக்கி நின்றன. பின்கோடியில் ஒரு தகரக்கொட்டகை. அங்கிருந்து பிரியாணி வாசம் வந்தது. கொட்டகையின் வாசலில் ஒரு சின்ன வேன்.

சேலைமேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், கையைக் காட்டி என் காரை உள்ளே வாங்கினார். அவர் பெயர் பாண்டியம்மாள் என்பது பிறகு தெரிந்தது. நடுவழியில், வேனுக்குப் போகும் பாதையை மறித்தபடி, என்னை நிறுத்தச் சொன்னார். பாதையை மறிக்கிறதே என்றேன். மனையில் இடம் போதாததால் நடுவிலும் வண்டிகள் நிற்கும், உள்ளே இருக்கும் வண்டி வெளியே போகும்போது நடுவில் நிற்பதைத் தள்ளி வழிவிடுவார்கள் என்று விளக்கினார். பிறகு தெளிவாகச் சொன்னார்:

"ஹேண்ட் பிரேக் மட்டும் போட்ராதீங்க சார். நூட்ரல்ல விட்டு, ஸ்டீயரிங்க நேரா வச்சுட்டுப் போங்க. டயருக்குச் செங்கல்லு வச்சுருவேன். தள்ளணும்னா நாங்க தள்ளிக்கிருவோம்."

நான் தலையாட்டினேன். செல்போன் எண் கேட்டார், கொடுத்தேன். சீட்டு கொடுத்தார்.

இனி எழுதப்போவதை வசந்தாவைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை, பிறகு சொல்ல வேண்டியிருந்த இரண்டு பேரைத் தவிர.

பாண்டியம்மாள் அடுத்து வந்த காரைப் பார்க்கத் திரும்பினார். நான் கியரை நியூட்ரலில் வைத்தேன். ஸ்டீயரிங்கை நேராக்கினேன். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். சாதாரணமாக இழுத்தால் கடகடவென்று சத்தம் வரும். நுனியிலிருக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே இழுத்தால் வராது. நான் பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்தேன். மறதியில்லை, பழக்க தோஷமும் இல்லை. முன்பின் தெரியாத கைகள் மகன் வாங்கிக்கொடுத்த காரைத் தள்ளுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சமதளத்தில் நிற்கும் காருக்கு ஹேண்ட் பிரேக் தேவையில்லை என்பது அந்த மனையில் வேறு யாரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். வசந்தா என் கையைப் பார்த்தாள். கதவைப் பூட்டினேன்.

10.00 முதல் 12.40 வரை. விளக்குத்தூணைச் சுற்றியுள்ள தெருக்களில் பாத்திரக் கடைகள் வாசலிலிருந்தே மின்னுகின்றன. குத்துவிளக்கை எடையில் விற்கிறார்கள். மூன்றடி உயரத்தில் ஒரு ஜோடி வாங்கினோம். குடத்தை வசந்தா விரலால் சுண்டிச் சுண்டி, நான்காவது கடையில் திருப்தியானாள். விலையெல்லாம் கேட்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன், இந்தக் கட்டுரையில் அது முக்கியமில்லை. கடைகளில் நான் உட்கார்ந்திருந்தேனே தவிர, மனசு சந்தில் நின்றது. ஒருவேளை கார் பூட்டியிருப்பது தெரிந்து இழுத்திருப்பார்களோ, கீறியிருப்பார்களோ என்றே ஓடியது. வேனைப் பற்றி ஒரு முறைகூட நினைக்கவில்லை. பசிக்கிறதென்று வசந்தா சொன்னதால் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சாப்பாடு நூற்றிருபது. கைகழுவி வந்து மணி பார்க்கச் செல்போனை எடுத்தேன். பதினேழு தவறிய அழைப்புகள். எல்லாம் ஒரே எண்.

12.55. தள்ளுவண்டியில் பாத்திரங்களை ஏற்றிவிட்டு நாங்கள் முன்னால் நடந்தோம். என்னால் ஓட முடிந்தவரை ஓடினேன். மனையில் ஏழெட்டுப் பேர் என் காரைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வரிசையாகக் கார்கள். பக்கவாட்டில் தூக்கி வைக்க இடமில்லை. முன்னும் பின்னும் உருட்டினால்தான் உண்டு. பின்சக்கரங்கள் இரண்டும் இறுகி நின்றன. தள்ளிப் பார்த்த தடம் மண்ணில் ஒரு அடி நீளத்துக்கு இழுபட்டிருந்தது.

கொட்டகையும் மனையும் கரீம் பாய்க்குச் சொந்தம். முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்குச் சமைக்கும் பண்டாரி அவர். மகபூப்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ் முடிந்து, பன்னிரண்டரைக்குப் பந்தி. சோறு தம்மில் வெந்து, மூன்று தேக்சா அண்டாக்களும் பதினொன்றே முக்காலுக்கே தயார். வேன் வெளியே போக முடியவில்லை. சின்னத் தேக்சாவை மட்டும் நாலு பேர் கம்பு கொடுத்துத் தூக்கி, கார்களுக்கு மேலாகவே கொண்டுபோய் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய இரண்டையும் தூக்க முடியவில்லை. முதல் பந்தி முடிந்துவிட்டது. இரண்டாம் பந்திக்கு இலை போட்டாயிற்று, சோறு இங்கே இருந்தது. பாயின் காதில் செல்போன் ஒட்டியிருந்தது. வந்துருச்சு, கெளம்பிருச்சு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். எல்லோரும் பார்க்க, ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். காரை வெளியே சந்துக்கு எடுத்தேன். வேன் ஒரு நொடிகூட நிற்காமல் கிளம்பிப் போனது. அதில் ஏறிப்போக வேண்டிய பாய் ஏறவில்லை. பாண்டியம்மாளிடம் வந்தார்.

"வண்டி நடுவுல நிக்கிதுன்னா என்ன சொல்லணும்னு ஒனக்குத் தெரியாதா பாண்டி?"

"சொன்னேன் பாய்."

பாய் என் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்தினார். என் நரைத்த தலைக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கொடுத்த மரியாதை அது.

"சொன்னாங்களா சார்?"

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு நொடி இருந்தது. எட்டுப் பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். தள்ளுவண்டியில் என் குத்துவிளக்குகள் வந்து சேர்ந்தன. நான் சொன்னேன்:

"அப்படி யாரும் சொன்னதா எனக்கு ஞாபகம் இல்லையே."

படித்தவன் சொல்லும் பொய் இப்படித்தான் இருக்கும். இல்லை என்றுகூட நேராகச் சொல்லவில்லை.

பாண்டியம்மாள் சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "நீங்க தலையாட்டுனீங்க சார்," என்றார், பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வதுபோல.

பாய் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "நாளைலருந்து வர வேணாம் பாண்டி," என்று சொல்லிவிட்டு, ஒரு பைக்கின் பின்னால் ஏறி மண்டபத்துக்குப் போய்விட்டார்.

1.20. பாத்திரங்களைப் பின்னால் ஏற்றினோம். நாலு மணி நேரக் கணக்கில் நூற்றிருபது ரூபாயைப் பாண்டியம்மாளிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் போட்டார். சந்தில் எதிரே ஒரு கார் வந்துவிட்டதால் நான் பின்னாலேயே மாசி வீதி வரை போக வேண்டியிருந்தது. என்னால் முடியாது என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவர் காருக்குப் பின்னால் போய் நின்றார். பக்கக் கண்ணாடிகளை மடக்கினார். கையால் காரின் பின்புறத்தைத் தட்டித் தட்டி, "வாங்க, வாங்க, லேசா ஒடிங்க, போதும், நேரா விடுங்க," என்று நூறடி தூரத்துக்குப் பின்னாலேயே நடந்து, என்னை வீதியில் கொண்டுபோய் விட்டார். கண்ணாடிகளைத் திரும்ப விரித்துவைத்தார். காரில் ஒரு கீறல் இல்லை.

2.10. நாகமலை புதுக்கோட்டை. வசந்தா என் பக்கம் திரும்பினாள். "அந்தம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சுங்க."

தெரியும் என்றேன்.

"நானும் வாயத் தொறக்கலையே," என்றாள். திரும்பிப் போயிருக்கலாம். பத்துக் கிலோமீட்டர்தான். மறுபடி அந்தச் சிக்னல், அந்தச் சந்து என்று நினைத்தேன். அந்தப் பயத்தைக் காரணமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து, காலை 5.30. தனியாக, பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவாயில் இறங்கும்போது மலையைப் பார்த்தேன், அழகாக இருந்தது. ஸ்டீயரிங் வேறொருவர் கையில் இருக்கும்போது சாலை எவ்வளவு எளிதாக இருக்கிறது. ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, மாசி வீதிக்கு நடந்தேன்.

மனையில் வேறொரு ஆள், காதில் ஒயரோடு உட்கார்ந்திருந்தார். கொட்டகையில் கரீம் பாய் வெங்காய மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னைக்கு அவங்க சொன்னாங்க பாய். ஹேண்ட் பிரேக் போடாதீங்கன்னு தெளிவாச் சொன்னாங்க. நான்தான் போட்டேன். பொய்யும் சொன்னேன்."

அவர் வெங்காயத்திலிருந்து கையை எடுத்தார். "தெரியும் சார்."

எனக்குப் புரியவில்லை.

"பதினோரு வருசமா நிக்கிறா. ஒருத்தருக்காச்சும் சொல்லாம விட்டதில்ல. நீங்க அப்படிச் சொன்னப்ப ஒங்க வீட்டம்மா தரையப் பாத்தாங்க. அப்பவே தெரியும்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று நினைத்தேன். "மண்டபத்துல ஏசுறாங்க, போன்ல ஏசுறாங்க. ஒங்க வயசுக்கு ஒங்களத் திட்ட முடியல. அவளத் திட்டிட்டேன்."

இரண்டாம் பந்தி அரை மணி நேரம் காத்திருந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் அதைப் பேசுகிறார்களாம். மறுநாளே அவர் பாண்டியம்மாளுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். பாண்டியம்மாள் வரவில்லை. "'சார் பொய் சொன்னாரு, சரி. நீங்க தெரிஞ்சே நின்னீங்களே பாய்'னு கேட்டு விட்டுட்டா. இப்ப மாட்டுத்தாவணில பைக் ஸ்டாண்டுல நிக்கிறாளாம். நீங்க போறதுன்னா போங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

11.15. மாட்டுத்தாவணி. பஸ் நிலையத்தை ஒட்டிய ஸ்டாண்டில் ஆயிரக்கணக்கில் இரு சக்கர வண்டிகள். பூ மார்க்கெட்டுக்குப் போகிற ஆட்களும் வருகிற மல்லிகை மூட்டைகளும் குறுக்கே நடந்தன. பாண்டியம்மாள் ஒரு ஸ்கூட்டரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு சாண் நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். அதே காக்கிச் சட்டை. என்னைப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்கூட்டரையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பொத்தானை அமுக்கிக்கொண்டு இழுத்ததையும் சொன்னேன். அவசியம் என்று தோன்றியது.

"சத்தம் வராம இழுத்தீங்களோ," என்றார். அதை மட்டும் இரண்டு முறை சொன்னார். பிறகு, "பாய்கிட்ட சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன் என்றேன். மறுபடி அங்கே போவீர்களா என்று கேட்டேன். ஒருவருக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, யோசிக்கணும் என்றார்.

"இங்க ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல சார். அம்புட்டுப் பேரும் ஹேண்டில் லாக் போட்டுட்டுத்தேன் போறாக. சொன்னாலும் கேக்க மாட்டாக. நான் தூக்கித் தூக்கி வைக்கிறேன்." கொஞ்சம் சிரித்தார். எனக்காகச் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்து முதுகை நெளித்தார். "அம்மா வரலையா?"

வரவில்லை என்றேன்.

"அவுகளக் கேட்டேன்னு சொல்லுங்க. ஒதுங்கி நில்லுங்க சார், வண்டி வருது."

நான் ஒதுங்கினேன். வந்த வண்டிக்காரர் பூட்டிவிட்டுப் போனார். பாண்டியம்மாள் அதைத் தூக்கினார்.

மாலை 5.50. போடி. எங்கள் தெருவில் கார் நிறுத்துவதற்கு யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. வாசலில் விட்டால் வாசலில் நிற்கும். சாவி பூஜை அறை ஆணியில் தொங்கும். அன்றைக்குப் போர்ட்டிகோவில் நின்ற காரை வெயில் படாமல் நாலடி உள்ளே தள்ளி நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பொத்தானைத் தொடாமல். கடகடவென்று சத்தம் வந்தது. அடுப்படியிலிருந்து வசந்தா எட்டிப் பார்த்தாள்.

அந்தம்மா உன்னைக் கேட்டாங்க என்று சொன்னேன்.